இரண்டு கௌரி

காலை 7.40க்குப் பிறந்தநாள் வாழ்த்து. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே எங்கள் நிலையத்தில் இருக்கும் அங்கம் அது. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் காரில் கேட்பார்கள். பெயர், ஊர், வாழ்த்துச் சொல்கிறவர்கள் யார் யார், அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு பெயர்கள் வாசித்து முடித்ததும் ஒரு பாட்டு போகும்.

போன ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை வாசித்த பட்டியலில் ஐந்தாவது பெயர் கௌரி. "அன்புக் கணவர், மகன், மகள், மருமகன் அனைவரும் இன்று அம்மாவை வாழ்த்துகிறார்கள்" என்று வழக்கமான உற்சாகத்தோடு சொன்னேன். அந்த உற்சாகம் எங்கள் தொழிலில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் மாதிரி. யாருக்காக என்று பார்த்து வருவதில்லை.

பாட்டு முடிவதற்குள் நிலையத்துக்கு அழைப்பு வந்தது. மகன் பேசினார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, அம்மா தவறி நாலு மாசம் ஆச்சு. நாங்க அப்பவே போன் பண்ணி பேரை எடுத்துடச் சொன்னோம். இப்ப அப்பா கார்ல கேட்டுக்கிட்டு இருந்தாரு."

அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார். அடுத்த பாட்டை அறிவிக்க எனக்கு முப்பது விநாடி இருந்தது.

(பெயரை மாற்றியிருக்கிறேன். 'கௌ' என்று தொடங்கும் பெயர் என்பது மட்டும் உண்மை. அதை ஏன் மாற்ற முடியாது என்பது பின்னால் புரியும்.)

நிகழ்ச்சி முடிந்ததும் நேரே பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடிப் போனேன். எங்கள் அலுவலகத்தில் முப்பது வருடமாக இருக்கும் அண்ணன் ஒருவர் வைத்திருக்கும் நோட்டு அது. முதல் பக்கத்தில் 'வாசிக்க வேண்டாம்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். இறந்தவர்கள், மணமுறிவு பெற்றவர்கள், இனி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்கள், எல்லாப் பெயரும் அதில் இருக்கும். கௌரியின் பெயரும் இருந்தது. தேதி, யார் அழைத்தார்கள் என்ற குறிப்பு, எல்லாம் ஒழுங்காக. அண்ணன் அதைக் கணினியிலும் ஏற்றியிருந்தார். அங்கும் பெயர் இருந்தது.

ஆகத் தவறு அந்தக் குடும்பத்துடையது இல்லை, அண்ணனுடையதும் இல்லை. அந்தப் பட்டியல்களை ஒன்று சேர்த்தவள் நான்.

எங்கள் நேயர் விவரங்கள் மூன்று இடத்தில் சிதறிக் கிடந்தன. பழைய இணையப் படிவத்தின் வழியாக வந்தவை மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஒன்றில். தொலைபேசியில் சொன்னவை ஆண்டுக்கு ஒன்றாக எக்செல் கோப்புகளில். 'வாசிக்க வேண்டாம்' பட்டியல் இன்னொரு எக்செல் கோப்பில். மூன்றையும் புதிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மாற்ற வேண்டும் என்று முடிவானது. எங்கள் ஐடி பிரிவு என்பது ஒரே ஒரு தம்பி. நிலையத்தின் அத்தனை கணினிக்கும் அவர்தான் பொறுப்பு. "அக்கா, நான் சொல்லித் தர்றேன், நீங்களே பண்ணுங்க. பேரெல்லாம் தமிழ்ல இருக்கு, உங்களுக்குத்தான் அது நல்லாத் தெரியும்" என்றார். நான் ஊடகத்துறை படித்தவள். ஒலிப்பதிவை வெட்டி ஒட்டத் தெரியும், எஸ்கியூஎல் தெரியாது. இரண்டு வாரம் மாலை வேளையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

அடிப்படை எளிது. ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த எட்கர் காட் என்பவர் 1970-இல் எழுதிய கட்டுரைதான் இதற்கெல்லாம் மூலம். விவரங்களை அட்டவணைகளாக வையுங்கள், ஒரு வரிசைக்கு ஒரு பொருள், அட்டவணைகளுக்குள் பொதுவான ஒன்றை வைத்து உறவு ஏற்படுத்துங்கள் என்றார். எது எங்கே இருக்கிறது என்று நாம் கணினிக்கு வழிகாட்ட வேண்டியதில்லை. என்ன வேண்டும் என்று கேட்டால் போதும். "இன்று பிறந்தநாள் கொண்டாடுகிற நேயர்களைக் கொடு. 'வாசிக்க வேண்டாம்' பட்டியலில் இருப்பவர்களை விட்டுவிடு." இதுதான் நான் எழுதிய கேள்வி. ஆங்கிலத்தில் நான்கு வரி.

கேள்வி எளிதுதான். விவரங்களை ஏற்றுவதுதான் பாடு.

முதல் முறை ஏற்றியபோது பாதிப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக வந்தன. நான்கு கேள்விக்குறி, இடைவெளி, ஆறு கேள்விக்குறி. இன்னொரு கோப்பில் வேறு மாதிரி கோளாறு: தலையில் சாய்வுக்கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', திரும்பத் திரும்ப அதே. இரண்டும் எனக்கு ஒரே குப்பையாகத்தான் தெரிந்தன. தம்பி சிரித்தார். "இது உசுரோட இருக்கு, அது செத்துப் போச்சு" என்றார். சாய்வுக்கோட்டு 'ஏ' வந்தால் தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது. தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. படிக்கிற மென்பொருள் அந்த மூன்றையும் மூன்று ஐரோப்பிய எழுத்துகள் என்று நினைத்துக் காட்டுகிறது. கண்ணாடியை மாற்றினால் பெயர் தெரியும். கேள்விக்குறி வந்தால், சேமிக்கும்போதே 'எனக்கு இந்த எழுத்து தெரியாது' என்று மென்பொருள் தூக்கி எறிந்துவிட்டது என்று பொருள். அதிலிருந்து பெயரை மீட்க யாராலும் முடியாது. மூலக் கோப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். என் தவறு எக்செல்லில் சிஎஸ்வி என்று சேமித்தது. அதே பட்டியலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று இன்னொன்று இருக்கிறது. தமிழுக்கு அதுதான். மைஎஸ்கியூஎல்லும் 2018-இல் வந்த எட்டாம் பதிப்பு வரை லத்தீன் எழுத்துகளைத்தான் இயல்பாக எதிர்பார்த்தது. வேறு மொழி வேண்டுமென்றால் நாம்தான் சொல்ல வேண்டும். பழையதை நிறுவியவர் சொல்லாமல் விட்டிருந்தார்.

அடுத்தது பூஜ்யங்கள். சுங்கைப் பட்டாணியின் அஞ்சல் குறியீடு 08000. எக்செல் அதை எண் என்று எடுத்துக்கொண்டு 8000 ஆக்கிவிட்டது. அலோர்ஸ்டார், கூலிம், கங்கார் நேயர்கள் எல்லாருக்கும் ஓர் இலக்கம் குறைந்தது. கைப்பேசி எண்களில் முன்னால் இருக்கும் பூஜ்யமும் போனது. அடையாள அட்டை எண் 12 இலக்கம் என்பதால் அதைச் சுருக்கி, புள்ளி வைத்து, நடுவில் 'இ' என்ற எழுத்தோடு காட்டியது. அப்படிக் காட்டுகிற நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருக்கம்தான் கோப்பில் பதியும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான். கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் அது எண் இல்லை, எழுத்து என்று தம்பி சொன்னார். கோப்பைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை எழுத்து வடிவம் என்று குறித்துவிட வேண்டும். திறந்த பிறகு குறித்துப் பயனில்லை.

முகவரிகளில் காற்புள்ளி. 'எண் 12, ஜாலான் இத்தனை, தாமான் இன்னது' என்று நாம் எழுதும் ஒவ்வொரு காற்புள்ளியும் சிஎஸ்விக்கு ஒரு பத்தியின் முடிவு. முகவரியைச் சுற்றி மேற்கோள் குறி இல்லாவிட்டால் தாமானின் பெயர் தொலைபேசிப் பத்தியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இது உடனே கண்ணில் படும் தவறு என்பதால் எனக்கு இதன்மேல் கோபமில்லை.

கோபம் தேதிகள்மேல்தான். அமெரிக்க அமைப்பில் இருந்த ஒரு கணினியில் கோப்பைத் திறந்திருந்தேன். 05/08 என்றால் நமக்கு ஆகஸ்ட் 5, அமெரிக்கர்களுக்கு மே 8. நாள் 12-க்கு மேல் இருந்தால் கணினி குழம்பித் தேதியாக ஏற்காது, அப்போது தெரிந்துவிடும். 12 வரை இருந்தால் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளும். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வருடத்தில் 132 நாட்கள் இப்படி யாருக்கும் தெரியாமல் இடம் மாறக்கூடியவை. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், சோதனைப் பட்டியலில் மே 8-இல் என் அம்மா பெயர் இருந்தது. அம்மா ஆகஸ்டில் பிறந்தவர். அன்றிலிருந்து ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையைத் தவிர வேறு எதையும் கோப்புகளில் அனுமதிப்பதில்லை.

ஆறுதலுக்கு ஒன்று: இதெல்லாம் பெரிய இடங்களிலும் நடக்கிறது. கோவிட் காலத்தில், 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும், இங்கிலாந்தில் தொற்று உறுதியான 15,841 பேரின் விவரங்கள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. பழைய எக்செல் வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான் கொள்ளும். அதற்கு மேல் வந்தவை விழுந்துவிட்டன. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடிச் சொல்லும் வேலையும் அதனால் தாமதமானது. இதைப் படித்திருந்ததால் நான் ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணினேன். மூன்று கோப்புகளிலும் கணக்கு சரியாக வந்தது. ஒரு வரிசைகூடக் குறையவில்லை. அன்று மாலை தம்பிக்கு மாமாக் கடையில் தே தாரேக்கும் ரொட்டி சானாயும் வாங்கிக் கொடுத்தேன். அப்படிப் பெருமைப்பட்ட மூன்றாவது வாரத்தில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

இரண்டு அட்டவணைகளிலும் கௌரி இருந்தார். அப்படியானால் கேள்வி ஏன் அவரை நீக்கவில்லை? திரையில் இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே பெயர். பின்னால் இடைவெளி ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இரண்டும் சமமா என்று கணினியிடம் கேட்டேன். இல்லை என்றது.

தம்பி வந்து பார்த்தார். "ரெண்டுலயும் எத்தனை எழுத்து இருக்குன்னு கேளுங்கக்கா."

கேட்டேன். ஒன்றில் 4. மற்றொன்றில் 5.

இங்கே அச்சில் உங்களுக்கும் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்: கௌரி, கெளரி. முதலாவதில் 'கௌ' என்பது க என்ற எழுத்தோடு ஔகாரக் குறி ஒன்று. அந்தக் குறி முன்னால் ஒற்றைக் கொம்பாகவும் பின்னால் 'ள' போன்ற வடிவமாகவும் இரண்டு பக்கமும் தெரியும், ஆனால் அது ஒரே குறி. இரண்டாவதில் க, ஒற்றைக் கொம்பு, அதன்பின் நிஜமான ளகரம். பழைய தட்டச்சுப் பழக்கத்தில் அண்ணன் அப்படித்தான் எப்போதும் அடிப்பார். இணையப் படிவத்தை நிரப்பியவர் கைப்பேசியில் அடித்ததால் சரியான குறி விழுந்திருந்தது. நம் கண் இரண்டையும் கௌரி என்று வாசிக்கிறது. கணினி இரண்டாவதை கெ-ள-ரி என்று வாசித்திருக்கிறது. அதற்கு அது வேறு யாரோ.

'கௌரியை விட்டுவிடு' என்று நான் சொல்லவே இல்லை. 'கெ-ள-ரியை விட்டுவிடு' என்று சொல்லியிருக்கிறேன். அப்படி ஒருவர் நேயர் பட்டியலில் இல்லை.

நிலையத்தில் அந்தக் குடும்பத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 'மென்பொருள் கோளாறு காரணமாக' என்று வரைவு தயாரானது. எனக்கு அது பொறுக்கவில்லை. மென்பொருள் கோளாறு எங்கே இருக்கிறது? கேட்டதைச் செய்திருக்கிறது. பெயரை நம்பி இரண்டு பட்டியல்களை இணைத்தது நான். ஏற்றிய பிறகு 'வாசிக்க வேண்டாம்' பட்டியலில் எத்தனை பேருக்கு நேயர் பட்டியலில் ஜோடி கிடைத்தது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்திருந்தால், ஜோடியில்லாமல் நிற்கும் பெயர்கள் கண்ணில் பட்டிருக்கும். வரிசைகளை எண்ணினேனே தவிர, ஜோடிகளை எண்ணவில்லை. கடிதத்தில் 'எங்கள் தவறு' என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள்.

எண்ணிப் பார்த்தபோது ஜோடியில்லாத பெயர்கள் இன்னும் இருந்தன. கௌசல்யாக்கள், கௌதமன்கள், மௌனிகா ஒருவர். கோபால், கோமதி, பொன்னம்மாள் போன்ற பெயர்களிலும் இதே கதை இன்னொரு விதமாக. 'கோ' என்பதை ஒரே குறியாகவும் அடிக்கலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக வைத்தும் அடிக்கலாம். இதற்கு மருந்து இருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் விதியே சொல்கிறது. போஸ்ட்கிரெஸ் 13-ஆம் பதிப்பிலிருந்து அதற்கென்று ஒரு கட்டளையும் இருக்கிறது, ஒரே வரியில் எல்லாவற்றையும் ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். 'கௌ'வுக்கு அந்த மருந்து வேலை செய்யாது. ளகரம் சொந்தமாக ஓர் எழுத்து. அதைத் தவறு என்று சொல்ல எந்த விதிக்கும் உரிமையில்லை.

சரி, கொம்புக்குப் பின் ளகரம் வந்தால் எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்றிவிடலாமே என்று நான் ஆரம்பித்தேன். நல்லவேளை, நகல் எடுத்துச் செய்தேன். வெள்ளையம்மாள் பாட்டி ஒருவர் உச்சரிக்கவே முடியாத பெயரோடு வெளியே வந்தார். ளகரத்துக்குப் பின் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் அது உண்மையான ளகரம், தொடக்கூடாது என்று விதி எழுதி, மிச்சத்தைக் கண்ணால் பார்த்துத்தான் முடித்தேன்.

பெயர்களைத் திருத்தினாலும் பெயரை வைத்து இணைப்பது ஆபத்துதான். நம் நாட்டில் ஒரே பெயரில் எத்தனை பேர்! ஆங்கில எழுத்தில் கௌரியை ஜி-ஓ-டபிள்யூ என்றும் எழுதுவார்கள், ஜி-ஏ-யூ என்றும் எழுதுவார்கள், பிறப்புப் பத்திரம் எழுதியவர் கேட்டபடி கே-ஓ-டபிள்யூ என்றும் இருக்கும். தந்தை பெயரோடு ஏ/எல், ஏ/பி சேர்ப்பவர் உண்டு, சேர்க்காதவர் உண்டு. ஆகவே தொலைபேசி எண்ணை வைத்து இணைப்போம் என்று மாற்றினேன். 'இன்று பிறந்தநாள் உள்ளவர்களில், தொலைபேசி எண் அந்தப் பட்டியலில் இல்லாதவர்களைக் கொடு.'

மறுநாள் விடியற்காலை பட்டியலை எடுத்தேன். ஒரு பெயர்கூட இல்லை. அடுத்த நாளுக்குக் கேட்டேன். இல்லை. வருடம் முழுவதற்கும் கேட்டேன். மலேசியாவில் யாருமே பிறக்கவில்லை.

'நல்' என்று ஒன்று இருக்கிறது. தமிழில் நல்ல சொல். தரவுத்தளத்தில் 'தெரியாது' என்று பொருள். பூஜ்யமும் இல்லை, வெற்றெழுத்தும் இல்லை, தெரியாது. அண்ணனின் பட்டியலில் ஒருவருக்குத் தொலைபேசி எண் எழுதப்படவில்லை. அந்தக் கட்டம் சிஎஸ்வியில் காலியாக இருந்தது. மைஎஸ்கியூஎல்லில் ஏற்றியிருந்தால் வெற்றெழுத்தாகக் கிடந்திருக்கும். போஸ்ட்கிரெஸ் அதை நல் என்று எடுத்துக்கொண்டது. இப்போது ஒவ்வொரு நேயரின் எண்ணையும் பட்டியலோடு ஒப்பிட்டு, 'இது இதில் இல்லையே?' என்று கேட்டால், கணினி எல்லா எண்களையும் பார்த்துவிட்டுக் கடைசியில் அந்தத் தெரியாத ஒன்றில் வந்து நிற்கும். அந்தத் தெரியாத எண் இதுவாகவே இருந்தால்? இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வது? ஆகவே 'தெரியாது' என்று பதில் சொல்லும். உறுதியாக ஆம் என்றால்தான் பெயர் வெளியே வரும். ஒரு காலிக் கட்டம் ஆயிரக்கணக்கான பேரின் பிறந்தநாளை நிறுத்திவிட்டது. இதற்குக் கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டும்: 'இவருக்கு இணையான ஒரு வரிசை அங்கே இருக்கிறதா? இல்லாவிட்டால் கொடு.' எஸ்கியூஎல்லில் 'நாட் இன்' என்பதற்குப் பதில் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்'. இரண்டுக்கும் தமிழில் வித்தியாசம் சொல்வதே கஷ்டம். ஆனால் ஒன்று நடந்தது, மற்றது நடக்கவில்லை.

அன்று காலை பிறந்தநாள் அங்கத்துக்குப் பதில் மூன்று பாட்டு போட்டேன். யாரும் அழைக்கவில்லை.

திருத்திய பின் இந்த முறை ஜோடிகளையும் எண்ணினேன். 'வாசிக்க வேண்டாம்' பட்டியலில் இருந்தவர்களைவிட நீக்கப்பட்டவர்கள் அதிகம். யார் என்று பார்த்தபோதுதான் கௌரியின் கணவர் பெயரும் நீக்கப்பட்டதில் இருப்பது தெரிந்தது. வீட்டுக்கு ஒரே தொலைபேசி எண். மனைவியை நீக்கச் சொன்னால், அதே எண்ணில் இருக்கும் கணவர், மகள், எல்லாரையும் சேர்த்து நீக்கியிருக்கிறது. நான் கவனிக்காமல் விட்டிருந்தால் அவரை இனி யாரும் வாழ்த்தியிருக்க மாட்டார்கள். முதல் தவறுக்காவது ஓர் அழைப்பு வந்தது. இதற்கு எந்த அழைப்பும் வந்திருக்காது.

அடையாள அட்டை எண்ணை வைத்து இணைத்திருக்கலாம், ஆளுக்கு ஒன்றுதான். அதில் பாதி ஏற்கெனவே எக்செல்லில் சிதைந்திருந்தது என்பதை விடுங்கள், ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கு அந்த எண்ணை ஏன் வாங்கி வைத்திருந்தோம் என்பதே எனக்குப் புரியவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இலேயே வந்துவிட்டது. தேவையில்லாததை வைத்திருக்காதே என்பதும், வைத்திருப்பதைச் சரியாக வைத்திரு என்பதும் அதில் உண்டு. அந்தப் பத்தியை மொத்தமாக அழித்தோம்.

கடைசியில் செய்தது காட் 1970-இல் சொன்னதுதான். ஒவ்வொரு நேயருக்கும் நாங்களே ஒரு வரிசை எண் கொடுத்தோம். பெயர் மாறலாம், தொலைபேசி மாறலாம், அந்த எண் மாறாது, இன்னொருவருக்குப் போகவும் போகாது. 'வாசிக்க வேண்டாம்' அட்டவணையில் இப்போது பெயரே கிடையாது. நேயர் எண், தேதி, சொன்னவர் யார், காரணம். நேயர் அட்டவணையில் இல்லாத ஓர் எண்ணை அங்கே எழுதப் போனால் தரவுத்தளமே மறுத்துவிடும். கெ-ள-ரி இனி அதில் நுழைய முடியாது. பழைய பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் சரியான எண்ணைத் தேடிப் போடுவது மட்டும் மனித வேலை. நானும் அண்ணனும் நான்கு மாலை உட்கார்ந்தோம். அவர் நோட்டை வாசிப்பார், நான் தேடுவேன். ஒவ்வொரு பெயருக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. இவர் தோட்டத்தில் இருந்தபோதிலிருந்து கடிதம் போடுவார், இவரது மகன் இப்போது ஆஸ்திரேலியாவில், இவர் இறந்த செய்தியை மனைவியே அழைத்துச் சொன்னார், இப்படி. அதற்கெல்லாம் எங்களிடம் பத்தி இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமைப் பட்டியலில் கௌரியின் கணவர் பெயர் வந்தது. முந்தின நாள் மாலையே எடுத்துப் பார்த்திருந்தேன். வாழ்த்துகிறவர்கள் பத்தியில் பழையபடி 'அன்பு மனைவி கௌரி, மகன், மகள், மருமகன்' என்றுதான் இருந்தது. ஒருவரை வாழ்த்துப் பெறுகிறவர் பட்டியலிலிருந்து நீக்கத்தான் நான் வழி செய்திருந்தேன். வாழ்த்துச் சொல்கிறவர்கள் பட்டியலிலும் அவர் இருப்பார் என்று யோசிக்கவில்லை. அந்தப் பத்தி வெறும் வாக்கியம். அதற்குள் இருக்கும் பெயர்களுக்கு எண் கிடையாது.

மகனை அழைப்பதா, அப்பாவையே அழைப்பதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். மகனை அழைத்தேன். அவர் "நீங்களே கேளுங்கக்கா" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

யார் என்று சொன்னேன். "குரல் தெரியுதும்மா, தினம் கேக்குறேனே" என்றார். நாளைக்கு அவருக்குப் பிறந்தநாள், பெயரை வாசிக்கலாமா, வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன். வாசிக்கச் சொன்னார். வாழ்த்துகிறவர்கள் பெயரில் அம்மாவை எடுத்துவிடட்டுமா என்று கேட்டபோது எனக்குக் குரல் சரியாக வரவில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் தொலைக்காட்சிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"மனைவின்னு வேணாம்மா. ஆனா பேரு இருக்கட்டும். கௌரி நினைவோட பிள்ளைங்க வாழ்த்துறாங்கன்னு சொல்லுங்க."

அச்சடித்த பட்டியலை எடுத்து, அந்த வரியை அடித்துவிட்டு, பேனாவால் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். மறுநாள் 7.40க்கு அதைத்தான் வாசித்தேன்.